ஊசி குத்தாத கடிகாரம்

உன்னைப் பெற்ற அத்தாவின் நோன்பை நீ விற்றுவிட்டாய். கோபத்தில் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். துபாயில் ஏதோ ஒரு பூங்காவில், வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு, இடது கையைத் தூக்கிக் கடிகாரத்தைக் காட்டி நீ பேசிய வீடியோவை நான் பல தடவை பார்த்துவிட்டேன். "ஊசி குத்த வேணாம், ரத்தம் எடுக்க வேணாம், நோன்பு முறியாது, உங்க சுகர் உங்க கையிலயே தெரியும்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாய். அந்தக் கம்பெனிக்காரன் எந்த நாட்டில் இருக்கிறானோ, அவனுக்கு லப்பைக்குடிக்காடு என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தால் ரத்தம் வருமே, ரத்தம் வந்தால் நோன்பு போய்விடுமோ என்று இங்கே வயதானவர்கள் பயப்படுகிறார்கள் என்பதும் அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நீ அந்தப் பயத்தோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன். அதை எடுத்துக்கொண்டு போய் அவனிடம் கொடுத்து, விளம்பரத்துக்கு வாசகம் எழுதிக்கொடுத்தவன் நீ.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பவில்லை. நம் தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறேன். உன் வீடியோ அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது, என் பதிலும் அங்கேயே இருக்கட்டும். பெற்ற மகனைத் தெருவில் நிறுத்துகிறாளே என்று நாலு பேர் பேசுவார்கள். பேசட்டும். உனக்குத் தனியாக எத்தனை செய்தி அனுப்பினேன், எத்தனை முறை கூப்பிட்டேன் என்று உன் போனிலேயே இருக்கிறது. நீ பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு வருகிறது, ஒரு தடவை கட்டைவிரல் படம் வந்தது, அவ்வளவுதான். உன் அத்தா இதைப் படிக்கமாட்டார். நீளமாக எதையும் அவர் படிப்பதில்லை, வீடியோதான் பார்ப்பார். பெரம்பலூர் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கிறவள் நான். என் வீட்டு மனிதருக்கு ஒரு பக்கம் எழுதிப் புரியவைக்க எனக்கு வழியில்லை. அவருக்கு நீதான் வேண்டும், உன் முகமும் உன் குரலும்தான் வேண்டும். இதற்குப் பிறகு எழுதப்போகிறதெல்லாம் அதற்காகத்தான்.

அவர் நோன்பு வைக்காத இரண்டு ரமலானை நீ பார்த்ததில்லை. முதலாவதற்கு முன்பே நீ விமானம் ஏறிவிட்டாய். சவூதியில் டிரெய்லர் லாரி ஓட்டிக்கொண்டு, அந்த வெயிலிலும் ஒரு நோன்பைக்கூட விடாதவர் என்று அவரைப் பற்றி ஊரில் சொல்வார்கள். ஊருக்குத் திரும்பி வந்தபோது சர்க்கரை நோயோடு வந்தார், பிறகு மாத்திரை போய் இன்சுலின் ஊசி வந்தது. ஊசி போட்டுக்கொண்டு பகலெல்லாம் பட்டினி கிடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், ஆளே போய்விடும், நோன்பு வேண்டாம் என்று பெரம்பலூர் டாக்டர் தெளிவாகச் சொன்னார். நம் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் அதையே சொன்னார். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது, ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்துவிடுங்கள் என்றார். அத்தா கொடுத்தார். ஆனால் அந்த இரண்டு ரமலானிலும் மாதம் முழுவதும் நம் வாசல் மளிகைக்கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அரிசி மூட்டைக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து டீ குடித்தார். திருடன் மாதிரி. தெருவில் ஒரு சின்னப் பிள்ளை எட்டிப் பார்த்து, "பாட்டையா, நீங்க நோன்பு இல்லியா?" என்று கேட்டுவிட்டு ஓடியபோது, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதைத் திரும்ப எடுக்கவேயில்லை. சாயங்காலம் எல்லாரும் நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்குப் போவார்கள். இவர் போகமாட்டார். பகலெல்லாம் தின்றுவிட்டு எந்த முகத்தோடு கஞ்சிக் கோப்பையை நீட்டுவது என்பார்.

அப்போதுதான் உன் கடிகாரம் வந்தது. வழக்கம்போல ஊருக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்துவிட்டிருந்தாய். பேரீச்சம்பழம், பால் பவுடர், தைலம், அவற்றுக்கு நடுவில் கறுப்புப் பெட்டி. நம் ஊரில் கடல் கடந்து வந்த பெட்டியை யாரும் சந்தேகிப்பதில்லை, அது உனக்கும் தெரியும். பெரம்பலூர் கடையில் வாங்கியிருந்தால் அத்தா நாலு தடவை திருப்பிப் பார்த்திருப்பார், பில் கேட்டிருப்பார், கடைக்காரனோடு சண்டை போட்டிருப்பார். துபாயிலிருந்து மகன் அனுப்பியது என்றதும் பெட்டியை முத்தமிடாத குறைதான். கையில் கட்டிக்கொண்டார். அடியில் பச்சை வெளிச்சம் மினுக்கியது, கொஞ்ச நேரத்தில் எண் வந்தது. "பாத்தியா, குத்தல, கிள்ளல, ரத்தம் ஒரு பொட்டு இல்ல. எம் மவன் என்னை நோன்பாளி ஆக்கிட்டான்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. உன்னை மன்னிக்க முடியாமல் நான் நிற்கிற இடம் இதுதான். அவர் ஏமாந்தது சர்க்கரையைப் பற்றி அல்ல. மறுபடியும் வரிசையில் உட்கார்ந்து நோன்பு திறக்கலாம் என்பதில் ஏமாந்தார். மனிதனுக்கு எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்துக்குச் சரியாக ஒரு பொருளைச் செய்து விற்கிறார்கள்.

உனக்கு இது தெரியாது என்று சொல்லாதே. பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு நாம் போனது ஞாபகம் இருக்கிறதா? ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் மூட்டை பிடிக்கும் பகுதியில் வேலை பார்க்கிற உன் மாமாதான் நம்மை இழுத்துக்கொண்டு போனான். இலவச முகாம் என்று நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீர், உப்பு, அதில் ஒரு மின்சாரக் கருவி, காலை உள்ளே விட்டுக்கொண்டு வரிசையாக ஆலைத் தொழிலாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். உடம்பில் சேர்ந்த விஷமெல்லாம் பாதம் வழியாக இறங்குமாம். மாமாவின் தொட்டியில் தண்ணீர் மெல்ல மெல்லப் பழுப்பானது. "அக்கா, பாருக்கா, இத்தன வருசத்துச் சிமெண்டும் எறங்குதுக்கா!" என்று அவன் கத்தியதில் பக்கத்து ஆளும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். எனக்கே உடம்பு சிலிர்த்தது. நீதான் அந்த டை கட்டிய ஆளிடம் போய், "அண்ணே, அடுத்த தொட்டியில யாரும் கால் வெக்காம ஓட்டுங்களேன்" என்றாய். "எதுக்குத் தம்பி?" என்றான் அவன். "சும்மா. காலுக்குச் சம்பந்தம் இருக்கா இல்லையான்னு பாக்கத்தான்." அவன் ஓட்டவில்லை. கரண்டு செலவு என்றான், மெஷின் சூடாகிவிடும் என்றான், கடைசியில் படிக்கிற பையன் மரியாதை இல்லாமல் பேசுகிறான் என்றான். பஸ்ஸில் திரும்பி வரும்போது நீ எனக்கு விளக்கினாய். கருவியில் இருக்கிற இரும்பு உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கிறது, அந்தத் துருதான் நிறம், கால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே நிறம்தான் வரும் என்றாய். மாமா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "உன் மவனுக்கு வாய் ஜாஸ்திக்கா" என்றான். இப்போதும் அவன் இருமிக்கொண்டுதான் இருக்கிறான். அந்த முகாமுக்குப் பிறகு, உடம்பு சுத்தமாகிவிட்டது என்ற நம்பிக்கையில் நெஞ்சு டாக்டரிடம் போவதையே நிறுத்திவிட்டான். பொய்க் கருவியால் போவது காசு மட்டுமல்ல. அது ஒரு மனிதன் டாக்டரிடம் போகவேண்டிய காலத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது.

நீ அன்று சொல்லிக்கொடுத்ததைத்தான் நான் இந்தக் கடிகாரத்துக்கும் செய்தேன். அத்தா குளிக்கப் போனபோது அதை எடுத்து, குழம்புக்கு வைத்திருந்த ஒரு வாழைக்காயில் இறுக்கிக் கட்டினேன். பச்சை வெளிச்சம் மினுக்கியது. முதலில் இதயத் துடிப்பு காட்டியது. வாழைக்காய்க்கு நல்ல ஆரோக்கியமான துடிப்பு. பிறகு சர்க்கரை அளவு, அதுவும் அருமையான அளவு, நம் வீட்டில் யாருக்கும் அப்படி இருந்ததில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவரிடம் அப்படியே நீட்டினேன்.

"என்னங்க இது? இந்தக் காய்க்கு உசுரு இருக்காம், சுகர் நார்மலாம்."

அவர் குனிந்து எண்ணைப் பார்த்தார். "வாழக்காய்ல சக்கரை இருக்கத்தானே செய்யும்? சரியாத்தான் காட்டுது" என்றார்.

"அப்ப நெஞ்சு துடிக்குதே, அது?"

"அது நீ கையில புடிச்சிருக்கேல்ல, உன்னோடது ஏறியிருக்கும்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அதைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டார். அன்றே அதை உடைத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது, நீ இன்னொன்று அனுப்பியிருப்பாய். அந்தப் பெட்டியின் அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், இது மருத்துவக் கருவி அல்ல, நோயைக் கண்டறியவோ மருந்தின் அளவை முடிவுசெய்யவோ பயன்படுத்தக் கூடாது என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. வீடியோவில் நீ தமிழில் சொல்கிறாய், பெட்டியில் அவன் ஆங்கிலத்தில் மறுக்கிறான். நாளைக்கு ஏதாவது ஆனால் அவனுக்கு அந்த ஆங்கிலம் போதும். உன் தமிழுக்கு யார் பொறுப்பு?

கடிகாரத்தோடு ஒரு ஆப் வந்தது. அதில் சர்க்கரையிலிருந்து விடுதலை என்று ஒரு பயிற்சித் திட்டம். தினமும் காலையில் ஒரு பெண்குரல் அத்தாவுக்குச் செய்தி அனுப்பும். எல்லாரையும் சாம்பியன் என்று கூப்பிடுவாள். "குட் மார்னிங் சாம்பியன், இன்னைக்கு உங்க பேங்க்ரியாஸுக்கு நன்றி சொன்னீங்களா?" அறுபதை நெருங்குகிற ஒரு மளிகைக்கடைக்காரர் தராசுக்கு முன்னால் நின்று, வயிற்றில் கைவைத்துக் கணையத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அதில் எனக்குச் சண்டையில்லை, நன்றி யாருக்குச் சொன்னாலும் நல்லதுதான். ஆனால் அவள் சோற்றைக் குறைக்கச் சொன்னாள், ஊசியை எவ்வளவு குறைப்பது என்று சொல்லவில்லை. நான் கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்க டாக்டராம்மா?" "நான் வெல்னஸ் கோச் மேடம்." "சரி, சாப்பாட்டக் குறைச்சுட்டு இன்சுலின அதே அளவு போட்டா என்னம்மா ஆகும்?" "மேடம், உங்ககிட்ட பயம் அதிகமா இருக்கு. அந்த நெகட்டிவ் எனர்ஜி சாரோட ரிசல்ட்டப் பாதிக்கும்" என்றாள். கேள்விக்குப் பதில் இல்லாதபோது கேட்டவளிடம் குறை கண்டுபிடிப்பது. அரியலூரில் டை கட்டியவன் உன்னைச் சொன்னானே, மரியாதை இல்லாமல் பேசுகிறான் என்று, அதே பாட்டு. ஒரு பொருளை எடைபோட எனக்குத் தெரிந்த தராசு இதுதான். அதைச் சோதித்துப் பார்க்கலாமா என்று கேள். சோதிக்க விடுகிறானா, உன்மேல் பாய்கிறானா என்று பார். இரண்டாவது நடந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடு.

ரமலானுக்குப் பதினைந்து நாள் முன்னால் வருகிற பராத் நோன்பன்று நடந்ததை உனக்குச் சொன்னேன், ஆனால் நீ கேட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் மறுபடி சொல்கிறேன். ரமலானுக்கு முன்னால் ஒத்திகை பார்க்கிறேன் என்று அத்தா அன்று நோன்பு வைத்தார். விடிவதற்கு முன் கொஞ்சம்தான் சாப்பிட்டார், கோச் சொன்னபடி. ஊசியை வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். பக்கத்து ஊரில் சின்ன வெங்காயம் பயிரிடுகிற செல்லம்மாள் கடைக்கு வந்திருந்தாள். மதியம் தாண்டி, வெளியே அவள் குரல் கேட்டது. "பாய், பருப்பு கேட்டா உப்பப் போட்டுக்கிட்டே இருக்கீங்க? கீழ கொட்டுது பாருங்க." பிறகு, "என்ன பாய் சிரிக்கிறீங்க? பாய்?" பிறகு குரல் மாறியது. "பாயம்மா! ஓடியாங்க! பாயி ஒரு மாதிரி ஆயிட்டாரு!"

நான் போனபோது தராசுத் தட்டிலிருந்து உப்பு வழிந்து தரையில் குவிந்திருந்தது. அத்தா உட்கார்ந்திருந்தார், சட்டை முழுக்க நனைந்திருந்தது, என்னைப் பார்த்து, "லாரிய ஓரமா போடச் சொல்லு" என்றார். என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு. பச்சை எழுத்தில், பக்கத்தில் சிரிக்கிற முகம். உள்ளே ஓடி, மாதக்கணக்காய் யாரும் தொடாத பழைய ஊசி மீட்டரை எடுத்து வந்து விரலில் குத்தினேன். நாற்பதைக்கூடத் தொடவில்லை. சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்து வாயருகே கொண்டுபோனேன், பல்லைக் கடித்துக்கொண்டார். "நோன்பு... நோன்பு..." அந்த ஒன்று மட்டும் அவருக்கு மறக்கவில்லை. பாதித் தண்ணீர் அவர் மடியில் சிந்தியது. செல்லம்மாள்தான் டம்ளரைப் பிடுங்கினாள். அவர் தாடையைப் பிடித்து, பிள்ளையை அதட்டுவதுபோல, "நோன்ப அல்லா பாத்துக்குவாரு பாய், நீங்க வாயத் தொறங்க! தொறங்கன்னா தொறக்கணும்!" என்றாள். திறந்தார். ஒவ்வொரு மிடறாக இறங்கியது. நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுங்குவதை நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன். அந்தப் பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

தெளிவு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நோன்பு போச்சா?" இரண்டாவதாகச் சொன்னது, "தம்பிகிட்ட சொல்லாத, பயந்துருவான்." பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போதும் அதையே சொன்னார். டாக்டர் பழைய மீட்டரையும் கடிகாரத்தையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "வீட்ல யாரும் இல்லாத நேரமா இருந்திருந்தா..." என்றார். சர்க்கரை கூடினால் அது வருடக்கணக்கில் அரிக்கும். குறைந்தால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். அதைத் தவறாகக் காட்டுகிற கருவி விளையாட்டுச் சாமான் இல்லை. கருவியே இல்லாவிட்டால் மனிதன் தன் வியர்வையை, தன் நடுக்கத்தை நம்புவான். நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிக் காட்டினால் தன் உடம்பையே பொய் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அன்று காலையிலிருந்தே கை நடுங்கியதாம் அவருக்கு. "வாட்ச் சரியாத்தானே காட்டுதுன்னு இருந்துட்டேன்" என்றார்.

அவர் வேண்டாம் என்று சொல்லியும் நான் உன்னிடம் சொன்னேன். அன்று மட்டும் நீ போனை எடுத்தாய். சின்னக் குரலில், யாரோ பக்கத்தில் இருப்பதுபோல், "ம்மா, ஆப்ப அப்டேட் பண்ணச் சொல்லுங்க. ஸ்ட்ராப்ப லூசா கட்டியிருப்பாரு, இன்னும் கொஞ்சம் டைட்டா கட்டணும்" என்றாய். என் பிள்ளை அழுவான் என்று நினைத்துக்கொண்டு போனைக் காதில் வைத்திருந்தேன். அத்தா எப்படி இருக்கிறார் என்று நீ கேட்டது அதற்குப் பிறகுதான். பட்டையை இறுக்கச் சொன்னாய் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே நீ அவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறாய். இப்போது அவர் ஒரு துளை தள்ளி இறுக்கிக் கட்டுகிறார். மணிக்கட்டில் பட்டை பதிந்து சிவந்திருக்கிறது.

எனக்குக் கோபம் உன்மேல் மட்டும் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். கையில் நாலு காசு இருக்கிறவன் மேல்கையில் ஒட்டினால் சர்க்கரை காட்டுகிற நிஜக் கருவி வாங்கிக்கொள்கிறான், சர்க்கரைக்கென்று தனி டாக்டர் வைத்துக்கொள்கிறான். நம் ஆட்கள் பாலைவனத்தில் லாரி ஓட்டி உடம்பைக் கொடுத்தார்கள், ஆலையில் தூசி குடித்து நெஞ்சைக் கொடுத்தார்கள். வியாதியோடு திரும்பி வந்தவர்களிடம் நின்று பேச ஒருவருக்கும் நேரமில்லை. ஆஸ்பத்திரியில் பாதி நாள் வரிசையில் நின்றால் டாக்டர் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுகிறார். ஆனால் ஆப்பில் ஒரு பெண் தினமும் சாம்பியன் என்று கூப்பிடுகிறாள். யாரை நம்புவார்கள்? இந்த இடைவெளி இருக்கிறது பார், அதுதான் அவர்களுடைய கடை. அந்தக் கடைவாசலில் நின்று ஆள் கூப்பிட உள்ளூர் முகம் ஒன்று வேண்டும். உன்னை எடுத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு மெஹருன்னிசா தன் மாமியாருக்கு ஒன்று வாங்கிவிட்டாள். ஏன் வாங்கினாய் என்றால், "உங்க மவன்தானே மாமி சொல்லுது? வேற யாராச்சும் சொன்னா வாங்குவேனா?" என்கிறாள்.

உனக்கு அங்கே வேலை போய்விட்டது என்று நினைக்கிறேன். நீ சொல்லவில்லை, ஆனால் விடுமுறை இல்லாத நாளிலும் பகலில் நீ ஆன்லைனில் இருக்கிறாய். அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இந்தக் கமிஷன்தான் போகிறதோ என்று சந்தேகப்படுகிறேன். கம்பெனி கொடுத்த வசனத்தை நீ முதலில் நம்பியும் இருக்கலாம். அப்படியானால் வா. நம் கடையில் உப்பு நிறுக்க ஆள் வேண்டும், யாரும் உன்னைத் தோற்றவன் என்று சொல்லமாட்டார்கள், சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் பராத்துக்குப் பிறகு நம்பினேன் என்று மட்டும் சொல்லாதே. அதற்குப் பிறகும் அந்த வீடியோவை நீ நீக்கவில்லை. ரமலான் வருகிறது என்று புது வாசகம் போட்டு மறுபடி அனுப்பியிருக்கிறாய்.

இப்போது நான் வாழ்கிற விதத்தைச் சொல்கிறேன். வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது பைக்குள் போன் அதிர்ந்தால் சாக்பீஸ் கையிலிருந்து நழுவுகிறது. வீட்டில் அவரைக் கூப்பிட்டு ஒரு கணம் பதில் வராவிட்டால் கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்க்கிறேன். யாராவது அவரிடம் சாமான் வாங்கிக்கொண்டு போனால் பின்னாலேயே போய், சரியாகக் கொடுத்தாரா என்று பார்க்கிறேன். அவருக்கு அது தெரிந்து அவமானப்படுகிறார், எனக்கும் அவமானமாக இருக்கிறது. பிறை தெரிய இன்னும் சில நாள்தான். அவர் முழு மாதமும் நோன்பு வைக்கப்போகிறார். நான் பகலெல்லாம் பள்ளியில் இருப்பேன். செல்லம்மாள் எல்லா நாளும் பருப்பு வாங்க வரமாட்டாள்.

டாக்டர் சொல்லிவிட்டார், அத்தா கேட்கவில்லை. ஹஜ்ரத் வீட்டுக்கே வந்து, "விரல்ல குத்திப் பாக்குறதால நோன்பு முறியாது பாய், அந்தப் பயமே வேணாம். ஆனா உங்களுக்கு நோன்பே கடமையில்ல" என்று சொல்லிவிட்டார், அத்தா தலையை ஆட்டினார், கடிகாரத்தைக் கழற்றவில்லை. நான் அழுதும் பார்த்துவிட்டேன். கடைசியாக அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "இத நான் கழட்டிப் போட்டா எம் மவன் ஊருக்கே பொய் சொன்னான்னு ஆயிரும்ல? எம் மவன் எனக்குப் பொய் சொல்லுவானா?" இவ்வளவு நாளும் அவர் கடிகாரத்தை நம்புகிறார் என்று நினைத்து அதோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் அதை நம்பவேயில்லை என்று இப்போது தோன்றுகிறது. உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். உன் மானத்தைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, அதற்காகச் சாகவும் தயாராக உட்கார்ந்திருக்கிறார்.

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்கு விளக்கம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். பிறை பார்ப்பதற்கு முன்னால் அத்தாவைக் கூப்பிடு. வீடியோவில் கூப்பிடு, உன் முகம் தெரியட்டும். "அத்தா, நான் சொன்னது பொய், அதக் கழட்டுங்க" என்று உன் வாயால் சொல். அவர் கழற்றும்வரை போனை வைக்காதே. இதைப் படித்துக்கொண்டிருக்கிற இந்த நிமிடம் அவர் கடையில்தான் இருக்கிறார், போன் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. கூப்பிடு.